பிறரை முன்வைப்பது என்றால் கிறிஸ்தவத்தில் என்ன பொருள்?

எளிமையாகச் சொன்னால், நமக்கு வேண்டியதைப் பிரிக்கும்போதே அடுத்தவருக்கும் ஒரு பங்கு வைப்பது.

மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 'பிடி அரிசி' என்றொரு வழக்கம் இருக்கிறது. 1910-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. சோறு ஆக்கும்போது, அரிசியை உலையில் போடும் முன்பே ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக வைப்பார்கள். சேர்ந்த அரிசி சபைக்குப் போகும். அங்கே விற்று வரும் பணம் ஊழியத்துக்கு. நம் ஊர்ச் சபைகள் சிலவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. அந்த 'முன்பே' என்பதுதான் என்னை நெகிழவைக்கிறது. சாப்பிட்டபின் எடுத்தால் அது மிச்சம். உலைக்கு முன் எடுத்தால் அது பங்கு. ஏழை வீட்டிலும் அந்த ஒரு பிடி முடியும்.

இதற்கெல்லாம் காரணம், இயேசு தம்மையே நமக்காகக் கொடுத்தார் என்ற நம்பிக்கை. வாங்கியவர்கள் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். விருந்தாளி வருவது தெரிந்தால் அம்மா முதலிலேயே ஒரு ஆழாக்கு கூடப் போடுவாரே, அந்த மனசுதான் இது.

அப்புறம், பிறரை முன்வைப்பது தன்னை வெறுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இயேசுவின் அப்போஸ்தலரான பவுல், பைபிளில் உள்ள தம் கடிதமான பிலிப்பியர் 2:4-இல் 'பிறருக்கானவைகளையும்' நோக்கச் சொல்கிறார், அந்த 'உம்'மில் நமக்கும் இடம் இருக்கிறது.