ஃப்ளோரசன்ட் ஜாக்கெட் போட்டால் பைக்கில் போகிறவர் மற்றவர் கண்ணில் படுவாரா?

புதிதாக பைக் வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட் போடச் சொல்கிறார்கள், நண்பர்கள் அது வீண் செலவு என்கிறார்கள், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சொல்வதுதான் சரி. வாங்குங்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு எப்படி ஓட்ட வேண்டும் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அப்படி ஒரு ஜாக்கெட்டைப் போட்டிருந்த நாளில்தான் என்னை ஒரு கார் வீழ்த்தியது.

பதினோரு வருடமாகத் தினமும் பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன். அன்று காலை எட்டு மணி இருக்கும். மழை இல்லை, பனி இல்லை. சாய்வாக வந்து சேரும் ஒரு கிளைச்சாலையின் வாயில் கார் ஒன்று நின்றிருந்தது. ஓட்டுநர் தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தார். எங்கள் கண்கள் சந்தித்தன என்றே நினைத்தேன். எலுமிச்சை மஞ்சள் ஜாக்கெட், ஹெட்லைட்டும் எரிகிறது, இனி என்ன என்று வேகத்தைக் குறைக்காமல் போனேன். அவர் காரை எடுத்துவிட்டார். பிரேக் பிடித்தும் போதவில்லை, காரின் முன்பக்கத்தில் மோதி விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. அந்த மனிதர் ஓடிவந்து என் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "சத்தியமா உங்களைப் பார்க்கவே இல்லைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் ஜாக்கெட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அதில் இருப்பது இரண்டு வேறு வேறு பொருள்கள், பலரும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஃப்ளோரசன்ட் துணி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உள்வாங்கி மஞ்சள் பச்சையாக வெளியே விடும். பகலில் நம் கண் மிக எளிதாக உணரும் ஒளியும் 555 நானோமீட்டர் அளவில் அதே மஞ்சள் பச்சைதான். ஆகவே மப்பு மந்தாரமான நாளிலும், விடியலிலும், அந்தியிலும் அந்தத் துணி சுற்றியுள்ள எதையும்விடத் தூக்கலாகத் தெரியும். இருட்டிவிட்டால் அந்த வேலை நின்றுவிடும். சோடியம் தெருவிளக்கின் கீழே அது வெறும் துணி.

இரவுக்கு உரியது வெள்ளி நிறப் பட்டை, அதாவது ரிஃப்ளெக்டிவ் பட்டை. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ கொண்டு, வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பின்னால் வரும் காரின் ஹெட்லைட் உங்கள் முதுகில் விழுந்தால் அந்த ஓட்டுநருக்கு நீங்கள் பளீரென்று தெரிவீர்கள். ஆனால் கிளைச்சாலையில் நிற்கும் காரின் ஹெட்லைட் உங்கள்மேல் விழுவதில்லை, அது எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பைக்கில் போகிறவர்களை அதிகம் வீழ்த்தும் அந்த இடத்தில், அந்தப் பட்டையால் உங்களுக்கு உதவி கிடைப்பது அரிது. இரவில் சந்திப்புகளை நெருங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

பலன் உண்டா என்பதற்கு நான் அதிகம் நம்புவது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வை. 1993 முதல் 1996 வரை, விபத்தில் அடிபட்ட பைக் ஓட்டுநர்களையும், அதே சாலைகளில் விபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்த ஓட்டுநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஃப்ளோரசன்ட் அல்லது ரிஃப்ளெக்டிவ் உடை ஏதாவது ஒன்றை அணிந்தவர்களுக்குக் காயம்படும் விபத்தின் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. பகலில் ஹெட்லைட் போட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. சாதாரண உடையின் முன்பக்க நிறத்துக்கும் பைக்கின் நிறத்துக்கும் விபத்தோடு தொடர்பு எதுவும் தென்படவில்லை. மஞ்சள் ஜாக்கெட் போடுகிறவர் இயல்பிலேயே நிதானமாக ஓட்டுகிறவராக இருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட காரணங்களைக் கணக்கில் எடுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் இந்த மாதிரி ஆய்வில் அந்தச் சந்தேகம் முழுதாகத் தீராது. எனக்கு அந்த எண்கள் போதும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இஸ்ரேலில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நகரத் தெருவின் பலவண்ணப் பின்னணியில் வெள்ளையும் பளிச் உடையும் எடுபட்டன. ஊருக்கு வெளியே, வெளுத்த வானம் மட்டுமே பின்னணியாக இருந்தபோது, கறுப்பு உடைக்காரர்தான் சீக்கிரம் தென்பட்டார். ஆக, எந்த நிறத்தைப் போட்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பின்னால் இருப்பதிலிருந்து அது எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். தோள் கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள், அக்காவின் காரை வாங்கிக்கொண்டு அதே கிளைச்சாலையில் அதே காலை நேரத்துக்குப் போய் நின்றேன். நண்பன் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, நான் வந்த வழியாகவே பைக்கில் வந்தான். வெயில் அவனுக்குப் பின்னால் இருந்தது. அப்படியென்றால் என் பக்கம் தெரிகிற அவனுடைய மார்பு நிழலில் இருக்கிறது. அந்த மஞ்சள் எனக்கு மஞ்சளாகவே தெரியவில்லை, வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு கறுத்த உருவம்தான் தெரிந்தது. ஹெட்லைட் மட்டும் ஒரு புள்ளியாக இருந்தது. இரண்டாம் தடவை அவன் வரும்போது, முன்கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் தூணுக்குப் பின்னால், ஏ-பில்லர் என்பார்களே அதற்குப் பின்னால், ஆளும் பைக்கும் மொத்தமாக மறைந்துபோனார்கள். நான் தலையை முன்னால் நீட்டிப் பார்த்தபோதுதான் மறுபடி தெரிந்தார்கள். எதிர்பார்த்துக் காத்திருந்த எனக்கே அந்தக் கதி. அவசரமாக வேலைக்குப் போகிற ஒருவர் மேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு போயிற்று.

வெயிலும் தூணும் இல்லாவிட்டாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. ஒரு பொருளின் உருவம் கண்ணில் விழுவது ஒரு படி, அதை மனம் கவனிப்பது அடுத்த படி. ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு, 2018இல் வெளியானது. காரின் உள்ளிருந்து தெரிவது போன்ற சாலைப் படங்களைக் காட்டி, இந்த நிலைமை பாதுகாப்பானதா இல்லையா என்று 56 பேரிடம் கேட்டுக்கொண்டே போனார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராமல் ஒரு டாக்சியோ ஒரு மோட்டார் சைக்கிளோ இருந்தது. டாக்சியைக் கவனிக்காதவர்கள் 31 சதவீதம், மோட்டார் சைக்கிளைக் கவனிக்காதவர்கள் 65 சதவீதம். மனம் காரைத் தேடுகிறது, காரைக் கண்டுபிடிக்கிறது. பைக் அதன் தேடல் பட்டியலில் கீழே கிடக்கிறது. பைக் ஓட்டத் தெரிந்த கார் ஓட்டுநர்கள் பைக்குகளோடு மோதும் விபத்துகளுக்குக் காரணமாவது குறைவு என்று ஐரோப்பிய விபத்துத் தரவுகளிலேயே தெரிந்திருக்கிறது. அவர்கள் மனம் பைக்கையும் தேடுவதால்தான் அப்படி என்று நான் நினைக்கிறேன்.

கவனித்த பிறகும் மறந்துபோகலாம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சிமுலேட்டரில், அதாவது நிஜமாகக் கார் ஓட்டுவது போன்ற அனுபவம் தரும் கருவியில், ஓட்டுநர்களைச் சோதித்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் திரும்பி பைக்கைப் பார்த்த ஓட்டுநர், அடுத்த பக்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் அது நினைவிலிருந்து நழுவிவிட்ட சம்பவங்கள் இருந்தன. அதனால் பைக்கைப் பார்த்ததும் 'பைக்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கார் ஓட்டுநர்களுக்கு யோசனை சொன்னார்கள். நான் காரில் போகும்போதெல்லாம் அப்படிச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவர் ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

கவனித்து, நினைவிலும் வைத்து, தூரத்தைத் தப்பாகக் கணிப்பதும் உண்டு. ஒரே வேகத்தில் வரும் லாரியையும் பைக்கையும் பார்த்தால், சின்ன உருவமான பைக் வந்துசேர இன்னும் நேரம் ஆகும் என்றே நமக்குத் தோன்றும். இதற்கு எந்த நிறமும் மருந்தாகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். செலவு கையைக் கடித்தால் முதலில் வெள்ளையோ ஃப்ளோரசன்ட்டோ ஆன ஹெல்மெட் வாங்குங்கள். உங்கள் மார்பைப் பைக்கின் முன்கண்ணாடி மறைக்கும், முன்னால் நிற்கும் கார்கள் மறைக்கும். ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். பழைய கறுப்பு ஜாக்கெட்டின் மேல் போடுகிற மெல்லிய வெஸ்ட்டே போதும், ஆனால் காற்றில் படபடக்காமல் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். முதுகில் பை மாட்டினால் வெஸ்ட்டின் பாதி வேலை போய்விடும், அந்தப் பையின் மேலே ஒரு பளிச் உறை போடுங்கள். சாயம் வெயிலில் வெளுக்கும். நான்கு வருடம் போட்ட என் முதல் வெஸ்ட்டைப் புதியதன் பக்கத்தில் வைத்தபோது அது வெறும் வெளிர்மஞ்சள் துணியாக இருந்தது. பட்டையில் அழுக்கு சேர்ந்தாலும் ஒளி திரும்பாது, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

இனி ஓட்டும் முறை. ஜாக்கெட் எனக்குச் செய்த ஒரே கெடுதல், என்னைப் பார்த்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையைக் கொடுத்ததுதான். இப்போது கிளைச்சாலையில் கார் நின்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து கையைத் தளர்த்தி, பிரேக்கில் விரலை வைத்துவிடுவேன். நேர்க்கோட்டில் வரும் பைக் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அசையாத புள்ளியாகத்தான் தெரியும், ஆகவே இடம் இருந்தால் என் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி விலகி வருவேன். அந்த அசைவு கண்ணை இழுக்கும். தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் வெளியே வந்துவிடுவேன்.

ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அன்றைக்கு முகத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். இப்போது நான் பார்ப்பது காரின் முன்சக்கரத்தை. கார் நகரத் தொடங்கினால் சக்கரத்தின் மேல்விளிம்பு காரைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் நகரும், அதனால் கார் கிளம்புவது முதலில் அங்கேதான் தெரியும். போன மாதம்கூட ஒருவர் என்னை நேராகப் பார்த்தபடியே நின்றிருந்தார். சக்கரம் ஒரு கை அகலம் உருண்டது. நான் அதற்குள் நின்றுவிட்டிருந்தேன், அவர் என் முன்னால் குறுக்காகக் கடந்து போனார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.