தாத்தாவின் சவரக் கத்திக்கு எந்தக் கல்?

கேள்வி: தாத்தா பயன்படுத்திய, ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த சவரக் கத்தி ஒன்று பழைய பெட்டியில் கிடைத்தது. துருவில்லை, ஆனால் மழுங்கிவிட்டது. அதில் நானே சவரம் செய்துகொள்ள ஆசை. சமையலறைக் கத்தி தீட்டும் கல் வீட்டில் இருக்கிறது. கடையில் 1000 முதல் 30000 வரை கிரிட் (கல்லின் நுண்மையைக் குறிக்கும் எண்) சொல்கிறார்கள். எதை வாங்குவது? சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிடலாமா?

பதில்: சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர் கை பொன்னான கை. ஆனால் சுழலும் சக்கரத்தில் பொறி பறக்கும்போது எழுகிற சூடு, சவரக் கத்தியின் மெல்லிய வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், பதத்தை நொடியில் இறக்கிவிடும். சோலிங்கன் கத்திகளில் பெரும்பாலானவை இரு பக்கமும் குழிவாகக் கடைந்தவை. வாய்ப்பக்கம் தாள் போல மெலிந்திருக்கும். அங்கே ஒருமுறை நீலம் பாய்ந்தால் அந்த இடம் போனது போனதுதான். வீட்டிலுள்ள கல்லும் வேண்டாம். சமையலறைக் கற்கள் பெரும்பாலும் சொரசொரப்பானவை, அதோடு நடுவில் குழி விழுந்திருக்கும். அந்தக் குழி சவரக் கத்திக்கு எமன்.

ஏன் என்று சொல்கிறேன். சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கைதான் பிடிக்கிறது. சவரக் கத்தியில் அந்தக் கவலை கிடையாது. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்தால் போதும். முதுகின் தடிப்பே கோணத்தை முடிவு செய்துவிடும். பெரும்பாலான கத்திகளில் அது 16, 17 டிகிரிக்கு அருகில் வரும். எல்லாம் சரியாக நடக்க ஒரே நிபந்தனை, கல் சமமாக இருக்க வேண்டும். நான் பழகத் தொடங்கிய நாட்களில் குழி விழுந்த ஒரு கல்லில் வாரக்கணக்கில் தேய்த்தேன். கத்தியின் இரு முனையும் கூராகும், நடுப்பகுதி முடியை இழுக்கும். கத்தியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லின் மேல் ஓர் இரும்பு அளவுகோலை நெட்டுக்குத்தாக நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தபோது, அடியில் பிறை போல ஒளி தெரிந்தது.

சரி, கற்களுக்கு வருவோம். கிரிட் எண் கூடக்கூடக் கல் நுண்ணியது. உங்கள் கத்தி முழுதாக மழுங்கிவிட்டதால் 1000 கிரிட்டில் தொடங்கித்தான் ஆக வேண்டும். கிங் 1000 போன்ற சாதாரணக் கல் தாராளமாகப் போதும். இதில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் அடிப்படைக் கூர் ஒருமுறை அமைந்துவிட்டால் இந்தக் கல்லை மறுபடி தேடும் நாள் அரிது. அடுத்து 4000, 8000. நார்ட்டன் என்ற நிறுவனத்தில் இந்த இரண்டும் ஒரே கல்லின் இரு பக்கங்களாக வருகிறது. கடைசியாக 12000, நானிவா 12000-ஐ நம்பி வாங்கலாம். நல்ல பணத்தை இந்தக் கடைசிக் கல்லில் போடுங்கள், வருடக்கணக்கில் கையில் இருக்கப்போவது இதுதான். 30000 இப்போது வேண்டாம். 8 அங்குல நீளம், 3 அங்குல அகலம் பார்த்து வாங்கினால் கத்தியின் வாய் ஏறக்குறைய முழுவதும் ஒரே இழுப்பில் படியும்.

இயற்கைக் கற்களைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் கொட்டிக்கூல் கல்லில் கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் நுண்ணிய மணிகள் இருக்கின்றன; அவைதான் எஃகை அறுக்கின்றன. அதில் தீட்டிய வாய் முகத்தில் மிக மென்மையாகப் போகும், எனக்குப் பிரியமான கல். ஆனாலும் முதல் கல்லாக அதைச் சொல்ல மாட்டேன். இயற்கைக் கல் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. தவறு கையிலா கல்லிலா என்று பழகுகிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

நான் சொன்ன கற்களுக்கெல்லாம் தண்ணீர்தான், எண்ணெய் ஒரு சொட்டும் படக் கூடாது. கிங் கல்லைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நானிவாவை ஊறவைக்காதீர்கள், தெளித்தால் போதும். தீட்டுமுன் கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, தட்டையான கண்ணாடியில் ஒட்டிய நீர்த்தாளில், அதாவது தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாளில், தேயுங்கள். கோடுகள் எல்லாம் அழிந்தால் கல் சமம். நடுவில் மட்டும் கோடு மிஞ்சினால் அங்கே பள்ளம். இன்னும் தேய்க்க வேண்டும். புதுக் கல்லுக்கும் இதைச் செய்யுங்கள்.

இனி, பலரும் தடுக்கி விழும் இடம். கத்தி சவரம் செய்யவில்லை என்றதும் 12000-ஐச் சந்தேகிப்பார்கள்; கோளாறு பெரும்பாலும் 1000-இல்தான் இருக்கும். வாயோரத்தில் கறுப்பு மார்க்கர் தடவி, கத்தியின் எடைக்குச் சற்றே கூடுதலான அழுத்தத்தில் சில இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை ஓரம் வரை அழிகிறதா? எங்காவது மெல்லிய கறுப்புக் கோடு நின்றால் கல் அங்கே வாயைத் தொடவில்லை. 1000 முடிந்த நிலையிலேயே வாயின் முழு நீளமும் கை முடியை மழிக்க வேண்டும். அதுவரை அடுத்த கல்லைத் தொடவே கூடாது. அப்புறம் 4000-இலிருந்து கத்தியின் எடை மட்டும் போதும், விரல் அழுத்தம் வேண்டாம். 8000, 12000-இல் கவனித்தால் ஓர் அழகு தெரியும்: கூர் சரியாக வந்த கத்தி நகரும்போது, முன்னால் இருக்கும் தண்ணீர் வாயின் மேல் மெல்லிய திரையாக ஏறி வழியும். ஓரிடத்தில் ஏறாமல் அடியில் நுழைந்தால் அந்த இடம் இன்னும் படியவில்லை.

தீட்டி முடித்ததும் தோல் வாரில், அதாவது கூரைப் பதப்படுத்தும் தோல் பட்டையில், முதுகை முன்னே விட்டு 50 முறை இழுங்கள். திருப்பும்போது முதுகின் மேல்தான் திருப்ப வேண்டும், வாயின் மேல் திருப்பினால் அத்தனை உழைப்பும் வீண். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் இதே வார் போதும். சில மாதம் கழித்து முடி இழுபடத் தொடங்கினால் 12000-இல் பத்துப் பதினைந்து இழுப்பு, மறுபடி வார். வாயில் கண்ணுக்குத் தெரியும்படி சில்லு பெயர்ந்தால் மட்டும் 1000-ஐ வெளியே எடுங்கள்.