பயறு வண்டை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

"வண்டைப் பற்றிப் படித்துவிட்டு என் மகள் என்ன வேலைக்குப் போவாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நியாயமான கவலைதான்.

பாசிப்பயறு டப்பாவைத் திறந்தால் மாவு உதிர்வதையும் பயறில் வட்ட ஓட்டை விழுந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். இந்த வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடும். மூட்டையோடு வீட்டுக்கு வந்து, ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தலைமுறை பெருகும். நம் பாட்டிமார் துவரைக்குச் செம்மண் கட்டியது இதற்காகத்தான். விதைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்துவிட்டால் மண்ணும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அந்த விதையை உருவாக்கத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள்.

அது வீண் கனவு இல்லை. மடகாஸ்கரில் கிடைத்த டிசி 1966 என்ற காட்டுப் பாசிப்பயறில் வண்டின் புழு வளர்வதில்லை. ஒரே ஓங்கு மரபணுதான் (தாய், தந்தைச் செடிகளில் ஒன்றிடமிருந்து வந்தாலே பலன் தருவது) காரணம் என்று 1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் நல்ல ரகத்தோடு கலந்தால் காட்டுச் செடியின் பொடி விதையும் வெடித்துச் சிதறும் காயும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைக் கழிக்கவே பல பயிர்த் தலைமுறை பிடிக்கும். புழுவைக் கொல்வது மனிதருக்கு ஆகுமா என்றும் பார்த்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பீன்ஸின் மரபணுவைப் பட்டாணியில் சேர்த்து வண்டைத் தடுத்தார்கள். அதைத் தின்ற எலிகளிடம் ஒவ்வாமை போன்ற மாற்றம் தெரியவந்து, 2005-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். சுமார் பத்தாண்டு உழைப்பு! அப்படி ஒரு நாளை மகளால் தாங்க முடியுமா என்பதுதான் சம்பளத்தைவிடப் பெரிய கேள்வி.

சம்பளத்துக்கு வருகிறேன். வேளாண் இளநிலைக்கு நீட் தேர்வு இல்லை. இளநிலை 4 ஆண்டு, பயிர் இனப்பெருக்கத்தில் முதுநிலை 2, பிறகு முனைவர் பட்டம். பயறு விதையை விவசாயி தானே எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்பதால் தனியார் நிறுவனங்கள் அதில் அதிகம் பணம் போடுவதில்லை. ஆராய்ச்சி பெரும்பாலும் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன், உத்தரப் பிரதேசத்துக் கான்பூர் போன்ற அரசு நிலையங்களில்தான், போட்டி கடுமை. எனவே மரபணுக் குறியீடுகளையும் (வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் அடையாளங்கள்) புள்ளியியலையும் அவள் ஆழமாகக் கற்கட்டும். மக்காச்சோளம், காய்கறி விதை நிறுவனங்களுக்கும் அதே திறமைதான் வேண்டும்.

இந்த விடுமுறையில் பாசிப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு மூன்றையும் நூறு நூறு விதையாகத் தனித்தனிக் குப்பிகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் பத்து வண்டுகளை விட்டு, துணியால் கட்டச் சொல்லுங்கள். முட்டைகளையும் வெளிவரும் வண்டுகளையும் எண்ணிக் குறித்துவரட்டும். நாற்பதாம் நாளும் சலிக்காமல் எண்ணிக்கொண்டிருந்தால், விண்ணப்பத்தில் தயங்காமல் கையெழுத்திடுங்கள்.