அப்புத்தளையிலிருந்து கடல் தெரிந்தால் பூமி தட்டையா?

அப்புத்தளை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் தங்கையின் கணவர் நன்றாகப் படித்தவர். சில மாதங்களாகப் பூமி தட்டை என்று சொல்லும் வீடியோக்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருக்கிறார். ‘நம் ஊரிலிருந்து பார்த்தால் அம்பாந்தோட்டைக் கடல் தெரிகிறதே, பூமி உருண்டை என்றால் அது மறைந்திருக்க வேண்டாமா?’ என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரோடு மனஸ்தாபம் வரவும் விருப்பமில்லை. எப்படிப் பேசுவது?”

உங்கள் மச்சான் கேட்டிருப்பது நல்ல கேள்வி. முதலில் அதற்குக் கணக்கோடு பதில் சொல்லிவிடுகிறேன்.

அப்புத்தளைக்கும் அம்பாந்தோட்டைக் கரைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அந்த வீடியோக்களில் ஒரு சூத்திரம் வரும்: தூரத்தின் வர்க்கத்தை எட்டு அங்குலத்தால் பெருக்கு என்பார்கள், தூரம் மைலில். கிலோமீட்டரில் போட்டால் எட்டு அங்குலத்துக்குப் பதில் சுமார் எட்டு சென்டிமீட்டர். 75 கிலோமீட்டருக்கு 450 மீட்டர் வருகிறது. ‘கடல் 450 மீட்டர் கீழே போயிருக்க வேண்டும், ஆனாலும் தெரிகிறது, ஆகவே பூமி தட்டை’ என்று முடிப்பார்கள்.

பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பார்ப்பவரின் கண் கடல் மட்டத்தில் இருக்கிறது. அப்புத்தளையோ 1,400 மீட்டர் உயரத்துக்கும் மேலே. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், கடலின் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கும் என்று கிடைக்கும். 1,400 மீட்டருக்கு ஏறத்தாழ 134 கிலோமீட்டர். காற்றில் ஒளி சற்று வளைவதால் இன்னும் பத்துக் கிலோமீட்டர் போலக் கூடும். 75 கிலோமீட்டரில் இருக்கும் கடல் தெரியாமல் போனால்தான் ஆச்சரியம்! அதே கணக்கில், கடற்கரை மணலில் நிற்பவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டர் அளவில்தான். ஏற ஏறக் கடலின் விளிம்பு தள்ளிப் போவதற்குப் பூமியின் வளைவுதான் காரணம். அவர் எடுத்துக்காட்டிய அதே மலை அவர் கட்சிக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

ஆனால் இதை அப்படியே குழுவில் ஒட்டிவிடாதீர்கள். பதிலுக்கு இன்னொரு வீடியோ வரும், பிறகு இன்னொன்று. 1870 இல் இங்கிலாந்தில் ஜோன் ஹம்டன் என்பவர், பூமியின் வளைவை நிரூபித்தால் 500 பவுண் தருகிறேன் என்று பந்தயம் கட்டினார். இயற்கை அறிஞர் அல்ஃபிரட் ரஸல் வாலஸ் ஒரு நீண்ட கால்வாயில் தொலைநோக்கியை வைத்துக் காட்டினார், நடுவரும் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். ஹம்டன் மசியவில்லை. பல ஆண்டுகள் வாலஸை அவதூறாக எழுதி அலைக்கழித்து, அதற்காகச் சிறைக்கும் போனார். ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த பிரபல தட்டைப் பூமிக்காரர் ஒருவர் அந்தாட்டிக்காவுக்கே போய், 24 மணிநேரமும் சூரியன் மறையாததைத் தன் கண்ணால் பார்த்து, அந்த விஷயத்தில் தான் நினைத்திருந்தது பிழை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் நம்பிய தட்டைப் பூமி வரைபடத்தின்படி அங்கே அப்படி நடக்கவே முடியாது. தோற்கடிக்கப்பட்டவர் மனம் மாறவில்லை, போய்ப் பார்த்தவர் மாறினார். என் ஆலோசனை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

ஆகவே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே கேள்வி கேளுங்கள்: “மச்சான், எதைப் பார்த்தால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்?” ‘எதைப் பார்த்தாலும் மாறமாட்டேன்’ என்றால் விவாதத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தேநீர் குடியுங்கள். ஏதாவது சொன்னால், பார்ப்பதற்கு முன்பே இருவரும் எதிர்பார்ப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். இதைத் தவறவிடவே கூடாது. எழுதாவிட்டால், பார்த்த பிறகு காரணம் கண்டுபிடிப்பது எவருக்கும் எளிது.

எதைப் பார்ப்பது? மாத்தறைப் பக்கம் போகும்போது இலங்கையின் தென்முனையான தெவிநுவரக் கடற்கரையில் நில்லுங்கள். பெரிய சரக்குக் கப்பல்கள் அந்த முனையைச் சுற்றித்தான் போகின்றன. இருபது கிலோமீட்டர் தள்ளிப் போகும் கப்பலின் அடியில் சுமார் 15 மீட்டர் மறைந்திருக்க வேண்டும். நல்ல தொலைநோக்கியால் பாருங்கள். தூரத்தால் சிறுத்துப்போனது மட்டும்தான் காரணம் என்றால், பெரிதாக்கினால் அடிப்பகுதி திரும்பி வரவேண்டும். வராது. மேல்தளமும் பெட்டிகளும் மட்டும் தெளிவாகத் தெரியும். கானல் அடிக்கும் நண்பகலில் இதைச் செய்யாதீர்கள், உருவம் குழம்பும். மழை கழுவிவிட்ட காலைப்பொழுது நல்லது.

பயணம் முடியாவிட்டால் வானம் இருக்கிறது. மே மாத முன்னிரவில் உங்கள் ஊரின் தென்வானத்தில் தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டம் தெரியும். டொரன்டோவில் இருக்கும் உறவினரிடம் கேளுங்கள், அங்கே ஆண்டு முழுவதும் அது எழுவதேயில்லை. மெல்பர்னில் இருப்பவருக்கு அது மறைவதேயில்லை. இன்னும் வலுவானது ஒன்று: மெல்பர்னில் இருப்பவரும் ஜொஹன்னஸ்பேர்க்கில் இருப்பவரும் ஒரே இரவில், ஒரே வேளையில் தெற்கே திரும்பி அதே சிலுவையைப் பார்க்கலாம். வடதுருவத்தை நடுவில் வைத்த தட்டை வரைபடத்தில் அந்த இரண்டு ‘தெற்கும்’ வெவ்வேறு பக்கம் விலகிப் போகின்றன. இரண்டிலும் ஒரே விண்மீன்கள் எப்படித் தெரியும் என்று அவரையே விளக்கச் சொல்லுங்கள்.

குழுவில் நீங்கள் எழுதுவது அவருக்காக மட்டுமல்ல. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் அதைப் பேசாமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக மேலே உள்ள அப்புத்தளைக் கணக்கை ஒரே ஒரு தடவை, கிண்டல் இல்லாமல், முழுமையாக எழுதிப் போடுங்கள். மச்சானின் பெயரை அதில் இழுக்க வேண்டாம். அடுத்த வீடியோ வந்தால் பதிலுக்கு இன்னொரு வீடியோ போடாமல், “இதில் எந்த ஒன்றை நாம் சேர்ந்து சோதிக்கலாம்?” என்று மட்டும் கேளுங்கள்.