ஏற்காடு ஏறிப் பழகினால் லடாக் போகலாமா?

ஜூனில் லடாக்கின் முக்கிய ஊரான லே போக நம்ம சேலத்துக்காரர்கள் சிலர் தயாராகிறார்கள். மூன்று முறை போய் வந்தவன் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி தம்பி: அண்ணா, வாராவாரம் ஏற்காட்டுக்கு சைக்கிளில் ஏறுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கால் ஊன்றுவதில்லை. இந்தப் பயிற்சி போதும்தானே?

தொடைக்குப் போதும் தம்பி, மூச்சுக்குப் போதாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், லே 3,500. உயரம் தன் வேலையைக் காட்டத் தொடங்குவதே 2,500-க்கு மேலேதான். லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மூச்சுக்கு மூச்சு கிடைக்கிற ஆக்ஸிஜனும் அவ்வளவுதான்.

இதில் பலசாலி, நோஞ்சான் என்ற பேதம் கிடையாது. முதல் தடவை எங்களோடு வந்தவர்களில் ஜிம்முக்குப் போகிற பையன்தான் விழுந்தான். விமானத்தில் இறங்கிய கையோடு எல்லார் பெட்டியையும் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போனான். ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு பக்கெட்டை அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். தொப்பையும் நானுமாகக் கம்பளிக்குள் கிடந்த எனக்கு லேசான தலைவலியோடு சரி.

அதனால் முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள். கடைவீதி வரை மெதுவாக நடக்கலாம். தண்ணீர் குடியுங்கள். சரக்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம். மூன்றாம் நாள் நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகலாம். அங்கே உள்ள திஸ்கித் ஊர் லேயைவிடத் தாழ்வு, தூக்கம் வரும். வழியில் கர்துங் லா என்ற கணவாய் 5,359 மீட்டர். போட்டோ எடுத்ததும் கிளம்பிவிட வேண்டும்.

சூரமங்கலம்: சார், விமானமா, ரோடா?

நாள் இருந்தால் ஸ்ரீநகர் ரோடு. கார்கிலில் 2,700 மீட்டர் அளவில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு ஏறலாம், உடம்பு பழகும். மணாலி ரோட்டில் பலர் சர்ச்சூவில் தங்குகிறார்கள். அது 4,000-க்கு மேலே. பழகாத உடம்போடு அங்கே படுத்தால் தூங்குவதற்குப் பதில் விடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அம்மாபேட்டை அக்கா: டயாமாக்ஸ் போடலாமா?

உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்க இந்த மாத்திரையைப் பலர் போடுகிறார்கள், ஏறுவதற்கு முதல் நாளிலிருந்தே. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள் அக்கா. அடிக்கடி சிறுநீர் வரும், விரல் நுனி சுரீரென்னும், பயப்படாதீர்கள். மாத்திரை போட்டாச்சே என்று ஓய்வைக் குறைக்கக் கூடாது.

அதே அக்கா: எப்போது பயப்பட வேண்டும்?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால். குடிக்காதவர் குடித்தவர் மாதிரி தள்ளாடினால், பேச்சு குழறினால். தரையில் ஒரு கோடு காட்டி, குதிகாலும் கட்டைவிரலும் தொடுகிற மாதிரி அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையா, விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறக்குங்கள். ஆஸ்பத்திரியும் உடனே. ஆக்ஸிஜன் டப்பா இறங்குகிற வரைக்கும் தாங்கத்தான்.

ஆத்தூர்: நாலு நாளைக்கு மேல் சோறு இல்லாமல் இருக்க முடியாதுங்க. பானை எடுத்துப் போகலாமா?

பானை வேண்டாம், சின்ன குக்கர் எடுத்துப் போங்க. லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் நடுவில் நறுக்கென்று இருக்கும். பருப்புப் பொடி இருந்தால் ஓட்டிவிடலாம். ஒட்டிய பாக்கெட்டில் நம்ம ஊர் தட்டுவடை கொண்டு போயிருந்தேன். கர்துங் லாவில் அது தலையணை மாதிரி உப்பி, பைக்குள்ளேயே டப்பென்று வெடித்தது. டிரைவர் டயர் என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டினார்.

போன் வேலை செய்யுமா?

இங்கே வாங்கிய ப்ரீபெய்டு சிம் எடுக்காது. குழுவில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். லேயை விட்டுக் கிளம்பும்போது ரொக்கமும் வேண்டும்.

ஏற்காடு: ஒரே வாரம்தான் லீவு. நுப்ரா, பாங்காங், உம்லிங் லா மூன்றும் முடியுமா?

உம்லிங் லாவை வெட்டிவிடுங்கள். அந்தக் கணவாய் கிட்டத்தட்ட 5,800 மீட்டர், அது இன்னொரு பயணம். பாங்காங் ஏரியே 4,200-க்கு மேல், அதைக் கடைசியில் வையுங்கள். வானிலை சரியில்லை என்று லே விமானம் ரத்தாவது சகஜம். டெல்லி வந்த அன்றே சேலம் ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள்.