இணை வெக்டர்கள்: மடங்கு முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை

(6, −4), (−9, 6) என்ற வெக்டர்கள் (அளவும் திசையும் கொண்டவை) இரண்டும் இணையில்லை என்று உங்கள் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். 9 என்பது 6-இன் மடங்கு இல்லை, குறிகளும் எதிராக இருக்கின்றன என்று இரண்டு காரணம் சொல்கிறீர்கள். இரண்டுமே தடையில்லை. ஒரு வெக்டரை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கினால் மற்றது வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்த எண் பின்னமாக இருக்கலாம், குறை எண்ணாகவும் இருக்கலாம். இங்கே அது −3/2. 6-ஐ அதனால் பெருக்கினால் −9, −4-ஐப் பெருக்கினால் 6. இரண்டு கூறுகளுக்கும் (அடைப்புக்குள் உள்ள எண்களுக்கும்) ஒரே எண் பொருந்துவதால் இவை இணைதான். குறை எண் வந்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்று பொருள், அப்போதும் இணையே.

பின்னம் குழப்பினால் குறுக்கே பெருக்கிப் பாருங்கள்: 6×6 = 36, (−4)×(−9) = 36. இரண்டும் சமம் என்றால் முடிந்தது. இப்படி இரண்டே கூறுகள் உள்ள வெக்டர்களுக்கு எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், வகுத்தலே தேவைப்படாது.

அடுத்த கணக்கில் (0, 3, −6), (0, −1, 2) இருக்கிறது. அங்கே 0/0 என்று விகிதம் எழுதித்தான் மாட்டிக்கொண்டீர்கள். பூச்சியத்தால் வகுக்கக் கூடாது. இரண்டாவது வெக்டரை எந்த எண்ணால் பெருக்கினால் முதலாவது வரும் என்று 3-ஐயும் −1-ஐயும் வைத்துக் கண்டுபிடியுங்கள்: −3. அப்புறம் அதை எல்லாக் கூறுகளிலும் சோதியுங்கள். −3×0 = 0, −3×2 = −6, சரியாக வருகிறது. இரண்டாவது வெக்டர் (1, −1, 2) என்று இருந்திருந்தால் முதல் கூறிலேயே உடைந்துவிடும். எந்த எண்ணால் பெருக்கினாலும் 1 பூச்சியமாகாது, அந்த எண்ணே பூச்சியமாக இருந்தால் தவிர; அப்படி இருந்தால் −1-இலிருந்து 3 வராது.