பத்து லட்சத்துக்குள் ஒரு செடான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர். இப்போது வைத்திருப்பது பழைய ஹேட்ச்பேக். ஆன் ரோடு பத்து லட்சத்துக்குள் மாருதி டிசையர் வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஆபீஸில் எல்லோரும் ‘இப்போது யார் செடான் வாங்குகிறார்கள், உயரமான வண்டியாக எடு’ என்கிறார்கள். மாதம் ஒருமுறை சென்னை போய் வருவோம், மற்றபடி ஊருக்குள் ஓட்டம்தான். டிசையர் சரியா, தப்பா?
– வாசகர், திண்டுக்கல்

சரிதான், வாங்கலாம். முடிவு செய்யும் முன் உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்தச் சின்ன செடான், அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் வகை வண்டி, எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் குறை நிறை பாதி புரிந்துவிடும். 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். பெட்ரோல் என்றால் இன்ஜின் 1200 சிசிக்குள் இருக்க வேண்டும். அந்த வரிக்காகவே பின்பக்கத்தை வெட்டிச் சுருக்கி செடான் செய்யத் தொடங்கினார்கள். டாடா இண்டிகோ சிஎஸ் 2008-இல் வந்தது. அதே வருடம் வந்த முதல் டிசையர் நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 2012-இல்தான் அதை 3,995 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது விற்பது 2024 நவம்பரில் வந்த நான்காம் தலைமுறை. அப்போது ஆரம்ப விலை 6.79 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு கார்களுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் ஆரம்ப விலையே அரை லட்சத்துக்கு மேல் இறங்கிவிட்டது. நீளத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும்போது டிக்கிக்குக் கொடுக்கும் இடத்தைப் பின் சீட்டிலிருந்துதான் எடுக்க முடியும், அதனால் இந்த வகை வண்டி எல்லாவற்றிலும் ஒரு பேரம் இருக்கும்.

நிறைவான விஷயங்கள். பெட்ரோல் டிசையரின் டிக்கி 382 லிட்டர். இரண்டு பெரிய சூட்கேஸ், இரண்டு தோள் பை, ஊரிலிருந்து கட்டிக்கொடுக்கும் தேங்காய், அரிசி எல்லாம் உள்ளே போய்விடும். உண்மையைச் சொன்னால் இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், ஏனென்றால் ஹூண்டாய் எக்ஸ்டர் மாதிரியான உயரமான சின்ன வண்டிக்கே 391 லிட்டர் இருக்கிறது. செடானின் டிக்கி உள்ளிடத்திலிருந்து பிரிந்து நிற்பதுதான் முக்கியம். கருவாட்டு வாசனை பிள்ளைகள் மூக்கில் ஏறாது, சடன் பிரேக் போட்டால் பின்னாலிருந்து எதுவும் தலையில் வந்து விழாது.

அடுத்தது நெடுஞ்சாலை. திண்டுக்கல்லிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் நால்வழிச் சாலை. பக்கத்தில் ஆம்னி பஸ் வேகமாகக் கடக்கும்போது உயரமான சின்ன வண்டி காற்றில் ஒரு ஆட்டம் ஆடும், தாழ்ந்த செடான் அந்த அளவுக்கு ஆடாது. மேனுவலுக்கு கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்து எண். ஏசி போட்டு, நிதானமாக ஓட்டி நெடுஞ்சாலையில் 20, 21 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் 15, 16. டேங்க் 37 லிட்டர், சென்னை போய்ச் சேர்ந்து திரும்பும் வழியில் பாதி தூரம் வரை பங்க் தேட வேண்டியிருக்காது.

பாதுகாப்பில்தான் இந்தத் தலைமுறை பெரிதாக மாறியிருக்கிறது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம், குழந்தைகளுக்கு நான்கு. அங்கே ஐந்து வாங்கிய முதல் மாருதி இதுதான். ஆறு ஏர்பேக், வண்டி வழுக்கும்போது தடம் மாறாமல் பிடிக்கும் இஎஸ்பி, ஐந்து பேருக்கும் மூன்று முனை பெல்ட் எல்லாம் அடி வேரியன்ட்டிலிருந்தே வருகின்றன. பிள்ளைகளோடு ராத்திரியில் நெடுஞ்சாலையில் போகிறவர் என்பதால் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

இப்போது குறைகள். இன்ஜின் மூன்று சிலிண்டர், 82 குதிரைத்திறன். இதற்கு முன் இருந்த நான்கு சிலிண்டர் இன்ஜின் 90 கொடுத்தது, சத்தமும் மிருதுவாக இருந்தது. புதியதில் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு சின்ன அதிர்வு கியர் கம்பியில் தெரியும். ஒரு ஆள் ஓட்டினால் குறை தெரியாது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி என்று போகும்போது லாரியை முந்த மூன்றாம் கியருக்கு இறக்கித்தான் ஆக வேண்டும். நான்காம் கியரிலேயே அழுத்திக்கொண்டு எதிரே வரும் வண்டியைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொள்ளும் நிலைக்குப் போகாதீர்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, 163 மில்லிமீட்டர். ஆள் ஏறினால் பின்பக்கம் இன்னும் இறங்கும். கிராமத்து வழியில் அளவில்லாமல் கட்டிவைத்த வேகத்தடைகளில் அடி உரசும், வண்டியைக் கொஞ்சம் சாய்வாக ஏற்றி இறக்கப் பழக வேண்டும். மழை நேரத்தில் சாலையில் நிற்கும் தண்ணீரில் பம்பர் வரை இறங்காதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் அந்தச் செலவு பெரிய செலவு. பின் சீட்டில் நடுவில் தரை மேடாக இருப்பதால் அங்கே உட்கார்கிறவருக்குக் கால் வைக்க இடம் போதாது. இரண்டு பிள்ளைகளும் மனைவியும் இப்போதைக்குச் சரியாக இருப்பார்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில் நெருக்கும்.

அப்புறம் அம்மா. செடான் சீட் தாழ்வு. மூட்டு வலி இருப்பவர்களுக்கு உள்ளே உட்காருவதைவிட வெளியே எழுவதுதான் சிரமம், இடுப்புக்குக் கீழே இருக்கும் சீட்டிலிருந்து முட்டியை ஊன்றித்தான் எழ வேண்டும். அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். முன் சீட்டில் ஒரு முறை, பின் சீட்டில் ஒரு முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், நீங்கள் கை கொடுக்காமல். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திணறினால், நான் மேலே சொன்ன எல்லா நிறைகளையும் ஒதுக்கிவிட்டு எக்ஸ்டர், டாடா பஞ்ச் மாதிரி இடுப்பு உயரச் சீட் உள்ள வண்டியைப் பாருங்கள். சுலபமாக எழுந்துவிட்டால் ஆபீஸ் நண்பர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

டிசையரில் எந்த வேரியன்ட்? ஷோரூமில் டாப் மாடலுக்கே இழுக்கிறார்கள். சன்ரூஃப் வேண்டும் என்று மகள் கேட்கிறாள்.
– வாசகி, திருநெல்வேலி

ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் என்றால் அடி வேரியன்ட்டுக்கு அடுத்த விஎக்ஸ்ஐ போதும். ராத்திரிப் பயணமும் நெடுஞ்சாலையும் உண்டு என்றால் ஒரு படி மேலே இசட்எக்ஸ்ஐ. கீழ் வேரியன்ட்களில் 165 அகலத்தில் 14 இஞ்ச் டயர், இசட்எக்ஸ்ஐயில் 185 அகலத்தில் 15 இஞ்ச். பிரேக் பிடிக்கும்போதும் ஈரச் சாலையில் வளையும்போதும் அந்த அகலம் உதவும். எல்இடி முகப்பு விளக்கும் அதில்தான் ஆரம்பம். சுமார் ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்க அந்த இரண்டு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

சன்ரூஃப் இசட்எக்ஸ்ஐ பிளஸில் மட்டும். திருநெல்வேலி வெயிலில் அதை எத்தனை நாள் திறப்பீர்கள் என்று மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பணத்தில் நல்ல சைல்டு சீட்டோ நான்கு வருட இன்சூரன்ஸின் ஒரு பகுதியோ வந்துவிடும்.

ஒரு வரி விஷயமும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வாழ்நாள் சாலை வரி வண்டி விலை ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் 18. டிசையர் எந்த வேரியன்ட்டிலும் பத்தைத் தாண்டாது. வேறு கம்பெனியின் டாப் மாடல் பத்து லட்சத்தை ஒட்டி இருந்தால் அங்கே சில ஆயிரம் ஏறுவதே வரியில் அரை லட்சத்தைக் கொண்டுவந்துவிடும், பில்லை வாங்கிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சிஎன்ஜி எடுக்கலாமா? மாதம் 600 கிலோமீட்டர் ஓடும்.
– வாசகர், சேலம்

வேண்டாம். டிசையர் சிஎன்ஜிக்கு கம்பெனி சொல்வது கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர். நிஜத்தில் 24, 25 வந்தால் நல்லது. அதே வேரியன்ட்டில் பெட்ரோலைவிட முக்கால் லட்சத்துக்கு மேல் கூடுதல் விலை. கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சமாகும் என்று வைத்தாலும் அந்தப் பணம் திரும்ப 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு அது ஐந்து வருடத்துக்கு மேல். இதற்கிடையில் சிலிண்டர் டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும், சூட்கேஸ் போகாது, துணிப் பைகளைத்தான் இண்டு இடுக்கில் செருக வேண்டும். டிக்கிக்காக செடான் வாங்கிவிட்டு அந்த டிக்கியையே விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இழுவையும் குறையும், 70 குதிரைத்திறன்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்குச் சோதனை கட்டாயம்.

தினமும் 80, 100 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் சிஎன்ஜி பங்க் இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டெலிவரிக்கு முன் ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவழியில் பஞ்சர் ஆன பிறகு கற்றுக்கொள்வது கஷ்டம்.

ஏஎம்டி வாங்கினால் மலையில் பின்னால் உருளும் என்கிறார்கள். அடிக்கடி ஏற்காடு போவோம்.
– வாசகர், நாமக்கல்

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. அதனால் கியர் மாறும்போது தலை லேசாக முன்னே பின்னே ஆடும். டிசையரில் எல்லா வேரியன்ட்டிலும் ஹில் ஹோல்டு உண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு விநாடி வண்டியைப் பிடித்து வைத்திருக்கும், அதற்குள் ஆக்சிலரேட்டர் கொடுத்துவிட்டால் உருளாது. ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைப்பவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், கிளட்ச் கருகிவிடும்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். லீவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாம் கியரில் வைத்து இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். டிரைவிலேயே விட்டால் மேல் கியருக்குப் போய்விடும், பாரம் முழுக்க பிரேக்கில் விழுந்து சூடேறும்.

ஹூண்டாய் ஆரா, ஹோண்டா அமேஸ் இரண்டையும் ஏன் யாரும் சொல்வதில்லை?
– வாசகர், திருவள்ளூர்

சொல்லலாமே. ஆரா உங்களுக்குப் பக்கத்து ஊர் வண்டி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில்தான் தயாராகிறது. நான்கு சிலிண்டர் என்பதால் ஓட்டம் டிசையரைவிட மிருது, டிக்கி 402 லிட்டர். ஆனால் 2020-இல் வந்த வடிவம். அதே குடும்பத்தைச் சேர்ந்த கிராண்ட் ஐ10 நியோஸ் 2020-இல் குளோபல் என்கேப்பில் இரண்டு நட்சத்திரம்தான் வாங்கியது. அப்போது இரண்டு ஏர்பேக், இப்போது ஆராவில் ஆறு இருக்கிறது என்பது உண்மை, இருந்தாலும் அந்த முடிவு எனக்கு உறுத்துகிறது.

அமேஸ் மூன்றிலும் நல்ல இன்ஜின், நான்கு சிலிண்டர், 90 குதிரைத்திறன், டிக்கி 416 லிட்டர், கிரவுண்ட் கிளியரன்ஸ் 172. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் இதில் சிவிடி இருக்கிறது, கியர் படிப்படியாக மாறாத ஆட்டோமேட்டிக் அது, தலை ஆடாது, டிராஃபிக்கில் ஓட்ட அவ்வளவு சுகம். விலைதான் கூடுதல், சின்ன ஊர்களில் சர்வீஸ் சென்டரும் குறைவு. திருவள்ளூரில் இருப்பவருக்குச் சென்னை பக்கம் என்பதால் அது தடையில்லை. ஆட்டோமேட்டிக் என்று முடிவு செய்துவிட்டு, பட்ஜெட்டும் இடம் கொடுத்தால், உங்களுக்கு டிசையரைவிட அமேஸையே சொல்வேன்.

2019 டிசையர் டீசல், ஒரே ஓனர், ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று புரோக்கர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், கரூர்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புதிய புகை விதி வந்தபோது டிசையரில் டீசலை நிறுத்திவிட்டார்கள், அதனால் நல்ல டீசல் டிசையருக்கு இன்னும் தேடல் இருக்கிறது, அந்த 1.3 லிட்டர் இன்ஜினும் உழைக்கும். உங்கள் பயம் வேறு எங்கே இருக்க வேண்டும் என்றால், இந்த வண்டி டாக்ஸியாக ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாறியதா என்பதில்.

ஆர்சியில் முந்தைய பதிவு விவரத்தைப் பாருங்கள். வண்டி எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவைக் கேளுங்கள், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று இருக்கும், மீட்டரைக் குறைத்திருந்தால் அங்கே பிடிபடும். அப்புறம் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சொந்த வண்டியில் டிரைவர் சீட் தேய்ந்திருக்கும், பின் சீட் ஓரளவு புதிதாகவே இருக்கும். வாடகைக்கு ஓடிய வண்டியில் பின் சீட்டின் இடது பக்க ஃபோம் அமுங்கிக் குழிந்திருக்கும், இடது பின் கதவின் கைப்பிடிக்குள் நகக் கீறல் நிறைய இருக்கும், கூரை ஓரத்தில் கேரியர் மாட்டிய தடம் தெரியும். சீட் கவர் புதிதாகப் போட்டிருந்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.